நான் சாப்பிடாத மாம்பழங்கள்

கண்ணு,

ரிசல்ட் வந்துவிட்டது. ஆறு புள்ளி எட்டு. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம். போன வருஷம் இதே மாங்காய்ப் பருவத்தில் பத்து புள்ளி ஆறு என்று வந்து நம் வீட்டையே கலக்கியதே, அதே மூன்று மாசச் சர்க்கரைப் பரிசோதனைதான். லேபில் சீட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாவது தடவை பார்த்தேன். பிறகு அந்தப் பெண்ணிடம் பேர் என்னுடையதுதானா என்றும் கேட்டேன். வெளியே வந்து வண்டியைக் கிளப்பத் தோன்றாமல் வேப்பமரத்தடியில் நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று பொய் சொல்லப் பக்கத்தில் ஆள்கூட இல்லை. கவரில் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று அந்தச் சீட்டு. மடித்து வைத்திருக்கும் இன்னொன்றை, இதைப் படித்து முடித்த பிறகு பிரி. போனில் சொன்னால் நீ நடுவிலேயே "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று முடித்துவிடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன்.

உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிற ஜெர்மனி கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். போன ஞாயிற்றுக்கிழமை உங்கம்மா கேட்டபோது, என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "மொதல்ல அப்பாவோட மூணு மாச ரிசல்ட் வரட்டுங்கம்மா, அப்புறமேட்டுப் பார்த்துக்கலாங்க" என்று சொல்லிவிட்டுக் கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்கு, ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாய். எனக்குச் சுருக்கென்றது. பெற்றவனை நம்பாமல் லேப் சீட்டை நம்புகிறானே என்று அன்று சாயங்காலம் வரை முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் உன்மேல் தப்பில்லை. நம்பும்படி நான் எதையும் செய்து வைத்திருக்கவில்லை. என்ன செய்து வைத்திருந்தேன் என்பதை நீ பாதிதான் அறிவாய். மீதியையும் என் வாயால் சொல்லிவிடுகிறேன்.

சர்க்கரை என்று தெரிந்து ஏழு வருஷம் ஆகிறது. முதல் ஆறு வருஷமும் நான் நோயைப் பார்த்துக்கொள்ளவில்லை, பரிசோதனையைப் பார்த்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போக நான்கு நாள் இருக்கும்போது நம் வீட்டில் பாகற்காய் வாசம் அடிக்கும். நான்கு நாளும் கேப்பைக்களி, கீரை, காலையில் தோப்பைச் சுற்றி வேகவேகமாக நடை. ஐந்தாம் நாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, நூற்றிப் பத்து என்று சீட்டு வாங்கி, உன் கண்ணில் படுகிற மாதிரி டிவிக்கு மேலே செருகி வைப்பேன். வருகிற வழியிலேயே போண்டா தின்றாகிவிடும். மாத்திரையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். நன்றாகத்தானே இருக்கிறேன், தினமும் எதற்கு என்று நானே டாக்டராகிக்கொண்டேன். பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகம் திறக்கிறாய் என்று உன்னைப் பள்ளிக்கூட நாளில் திட்டிய ஆள் நான்தான்!

அப்புறம் பழனி. வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு நம் ஊர் முதலமடையிலிருந்து வெறுங்காலோடு நடந்து போவது நம் வழக்கம். வருஷம் முழுவதும் வீட்டிலிருந்து தோப்புக்கே மொபெட்டில் போகிறவன், அந்த நடையைச் சொல்லியே மீதி நாளையெல்லாம் ஓட்டிவிடுவேன். "நான் பழனிக்கே நடக்கறவன், எனக்கென்ன வாக்கிங்" என்பேன். போன வருஷம் திரும்பி வந்து மூன்றாம் நாள், நான் நடந்த இடத்தில் தரையில் ஈரத் தடம் தெரிகிறதென்று உங்கம்மாதான் காலைத் தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, குழியாகி, உள்ளே ஒரு பொடிக்கல். எனக்கு வலிக்கவே இல்லை. வலிக்காததால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். டாக்டர் வலிக்காததுதான் பயம் என்றார், விரல் போகலாம் என்றும் சொன்னார். அன்றுதான் மூன்று மாசப் பரிசோதனை எடுத்தார்கள். நீ சீட்டைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "இது நாலு நாள் பத்தியத்துக்கெல்லாம் மசியாதுங்கப்பா. மூணு மாசம் நீங்க என்ன பண்ணுனீங்கன்னு சொல்லிப்போடும்." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நீ மெதுவாகச் சொன்னாய்.

அதற்குப் பிறகு ஒன்றரை மாசம், உன் நைட் ஷிப்டு முடிந்ததும் கஞ்சிக்கோட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வருவாய். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, என் காலை உன் மடியில் தூக்கி வைத்துக்கொள்வாய். கண் சிவந்திருக்கும். பழைய கட்டைப் பிரித்து, மருந்துத் தண்ணீரில் துடைத்து, ஸ்கேல் வைத்து அளந்து, பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னவோ குறித்துக்கொள்வாய். புதுக் கட்டுப் போட்டுவிட்டு, சாப்பிடாமலேயே போய்ப் படுத்துவிடுவாய். உன் காலைப் பிடித்து நான் எண்ணெய் தேய்த்துவிட்ட வீட்டில் இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று வெட்கமாக இருக்கும். வெட்கத்தை மறைக்கக் கட்டு இறுக்கமாக இருக்கிறதென்று உன்னிடம் எரிந்து விழுவேன். அதற்கும் சேர்த்து இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நாட்களிலும் நான் ஒரு விஷயத்தில் சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். நான் ஒன்றும் சாப்பிடவில்லை. டீயில் சர்க்கரை இல்லை, சோறு பாதி, இனிப்புப் பக்கம் போகவில்லை. பிறகு ஏன் இறங்கவில்லை என்று டாக்டரையே சந்தேகப்பட்டேன். விஷயம் நம் மாங்காய் ஷெட்டில் இருந்தது. எந்தத் தோப்புக் காயை எப்போது பறிக்கலாம், எந்தப் பெட்டி எத்தனை நாளில் பழுக்கும் என்று மாதிரிப் பழத்தை அறுத்து ருசி பார்த்துச் சொல்வது முப்பது வருஷமாக என் வேலை. நம் தோப்பு மட்டுமில்லை, சுற்றுவட்டாரத்தில் நான்கைந்து தோப்புக்காரர்களும் பழத்தைக் கொண்டு வந்து நீட்டுவார்கள். வடக்கேயிருந்து வருகிற வியாபாரிகள்கூட என் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே பெருமை இந்த நாக்குதான் கண்ணு. ருசி பார்ப்பது சாப்பிடுவதாகுமா? எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

உங்கம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு நாள் ஷெட்டில் அவள் காலையிலிருந்து ஒரு தட்டோடு அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் கண்டுகொள்ளவில்லை. மத்தியானம் கூப்பிட்டாள். "ஏனுங்க, கையக் கழுவிட்டு வாங்க, வட்டல் போட்டாச்சு." போய் உட்கார்ந்தால், சோற்றுக்குப் பதில் தட்டு நிறைய மாம்பழத் துண்டு. செந்தூரம், அல்போன்சா, பங்கனப்பள்ளி எல்லாம் கலந்து, மேலே ஈ மொய்க்காமல் துணி மூடி.

"இது என்னத்துக்குப் புள்ள?"

"காத்தாலருந்து நீங்க சாப்புடாததுங்க. நீங்க ஒரு துண்டு வாயில போடறப்பெல்லாம் நானும் அதே அளவுல ஒண்ணு அறுத்து இதுல வெச்சேன்."

தட்டைப் பார்த்தேன். நான்கு பழமாவது இருக்கும். அப்போது மணி ஒன்றுதான், சாயங்காலம் லாரி ஏற்றும்வரை வேலை மிச்சம் இருந்தது.  எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தேன். அவள் திட்டவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அன்றே முருகனை வேண்டிச் சபதம் எடுத்தேன். இனி ஆயுசுக்கும் மாம்பழம் தொடமாட்டேன், இனிப்பு தொடமாட்டேன், தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன், காலையில் களி, ராத்திரிச் சோறு கிடையாது. எல்லாம் ஒரே நாளில். எட்டு நாள் தாக்குப் பிடித்தேன். ஒன்பதாம் நாள் காலாப்பாடி பழுத்துக் கிடந்தது, அந்த வாசம்தான் உனக்குத் தெரியுமே. ஷெட்டுக்குப் பின்னால், வைக்கோல் போருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, முழுப் பழத்தைத் தோலோடு கடித்துச் சாப்பிட்டேன். ஐம்பத்தெட்டு வயசு ஆள், சொந்தத் தோப்பில், சொந்தப் பழத்தைத் திருடித் தின்றேன். சபதம்தான் போய்விட்டதே என்று இன்னொன்றும் தின்றேன். கொட்டைகளை வேலிக்கு அப்பால் வீசினேன். அந்தப் பருவம் முழுவதும் அப்படியே போயிற்று. உன் கைராசியில் புண் ஆறியது. என்னால் இல்லை.

மழை பிடித்த பிறகு, கவாத்து வெட்டும்போது விரலில் அரிவாள் பட்டுவிட்டது. பிளாஸ்திரி தேடி உன் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். நீ குறித்து வைத்த தாள் அதில் இருந்தது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. தேதி, புண்ணின் அகலம், ஈரமா காய்ந்திருக்கிறதா என்பது. படித்துக்கொண்டே போய்த் தாளைத் திருப்பினேன். பின்பக்கம் அச்சடித்த இங்கிலீஷ். உன் பேர், ஜெர்மனியில் ஏதோ ஊர்ப் பேர், வேலையில் சேர வேண்டிய நாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும், ஆனால் தேதி படிக்க அது போதும். அந்த நாளில் நீ என் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாய். முன்பக்கத்தில் அந்தத் தேதிக்கு நேரே "இன்னும் ஈரம்" என்று எழுதியிருந்தாய்.

உனக்கு முதல் அழைப்பு போன வருஷமே வந்தது எங்களுக்குத் தெரியும், கண்ணு. நீ வேண்டாமென்று எழுதிவிட்டு எங்களிடம் மூச்சுவிடாமல் இருந்ததும் தெரியும். உங்கம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "அவன் சொல்லலீன்னா நாமளும் கேக்க வேண்டாமுங்க. நீங்க பண்ண வேண்டியதப் பண்ணுங்க, அது போதும்" என்றாள். விரல் போகும் என்று டாக்டர் சொன்னபோது வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. என்னால் கெட்டது என் கால் மட்டும் இல்லை என்று தெரிந்துபோயிற்று.

மறுநாள் நம் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியான குடும்ப ஆரோக்கிய கேந்திரத்துக்குப் போய், அங்கே சர்க்கரை கிளினிக் பார்க்கிற சிஸ்டரிடம் ஒன்று விடாமல் சொன்னேன், வைக்கோல் போர் உட்பட. அவர் சிரித்துவிட்டார். சபதமெல்லாம் கேட்கவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிடத் தோன்றுகிறது, எந்த இடத்தில், அப்போது கையில் என்ன வேலை, ஒரு வாரம் எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார். எழுதினேன். மாம்பூ வருகிற வாரத்தில்தான் தத்துப்பூச்சி வரும், வருஷம் முழுவதும் மருந்தடித்துக்கொண்டு நிற்கமாட்டோம், வருகிற நேரத்தைத்தானே காப்போம். அதே மாதிரி என் ஆசைக்கும் நேரம் இருந்தது. பதினொரு மணிக்குப் பசி, நாலு மணிக்கு லாரிக்காரர்களோடு டீக்கடை, அப்புறம் பருவத்தில் கையில் கத்தி இருக்கிற நேரமெல்லாம். மற்ற நேரத்தில் நான் யோக்கியன்தான்.

பதினொரு மணிக்கு உங்கம்மா கொண்டைக்கடலைச் சுண்டல் கட்டிக் கொடுத்தாள், பசி அடங்கியதுமே பாதித் திருட்டு நின்றது. நாலு மணிக்கு டீக்கடைக்குப் பதில் தோப்பு வேலியோரமாக நடை. முதல் வாரம் பத்து நிமிஷம்தான், அதற்கு மேல் நடக்கக் கூடாதென்று சிஸ்டர் கட்டளை. எனக்கே சிரிப்பாக இருந்தது. பழனி வரை நடந்த கால்! ஆனால் பத்து நிமிஷம் என்பதால்தான் ஒரு நாளும் விடவில்லை, இப்போது அது முக்கால் மணி நேரம். மாத்திரையைப் பல் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன், பல் விளக்காமல் இருக்கமாட்டேன் அல்லவா. குளித்ததும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கிறேன். ஒரு நாள் உங்கம்மா பார்த்துவிட்டு, "மூஞ்சியக்கூட இத்தன நேரம் பார்த்ததில்லீங்களே" என்றாள். எல்லாவற்றையும் காலண்டரில் பூ விட்ட நாள், மருந்தடித்த நாள் குறிக்கிற அதே கட்டத்தில் ஒரு ஓரமாகக் குறித்துக்கொண்டேன்.

நடுவில் விழவில்லை என்று நினைக்காதே. ஆவணியில் கொல்லங்கோட்டில் ஒரு கல்யாணத்தில் பாயசம் இரண்டு தம்ளர், ஜிலேபி, சோறு என்று வெளுத்துக்கட்டினேன். பழைய ஆளாக இருந்தால் அதோடு அந்த மாசத்தையே கைகழுவியிருப்பேன். மறுநாள் சிஸ்டரிடம் போய் நின்றேன். "சாரமில்ல சேட்டா" என்றார், பரவாயில்லை என்பதை அவர் மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார். "ஒரு நேரம் தவறிப் போச்சுன்னா அடுத்த நேரமே சரியாக்கணும். திங்கட்கிழமை தொடங்கலாம்னு மாற்றி வைக்கண்டா." காலண்டரில் அந்தக் கட்டத்தில் பாயசம் என்றே எழுதினேன். அடுத்த கட்டத்தில் வழக்கம்போல நடை. இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் சொல்லித் தராதது இதுதான், அல்லது சொல்லியும் நான் கேட்காதது.

ஆனால் இதெல்லாம் மழைக்காலத்து வீரம். தை பிறந்து காய் இறங்க ஆரம்பித்துவிட்டது. ருசி பார்க்காமல் எப்படி? யோசித்து யோசித்து, முதல் நாளே எல்லார் முன்னாலும் கத்தியை உங்கம்மா கையில் கொடுத்துவிட்டேன். என் நாக்கைக் கழற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது. முதல் வாரம் வியாபாரி ஒருவர், "நீங்க பாத்துச் சொல்லுங்க சார்" என்று என்னிடமே பழத்தை நீட்டினார். கை நீளத்தான் பார்த்தது. உங்கம்மா அதை வாங்கி வாயில் போட்டாள், கொஞ்சம் யோசித்தாள். "இன்னும் மூணு நாள் பொறுக்கோணுமுங்க. கொட்டைக்கிட்டப் புளிப்பு நிக்குது." நானாக இருந்தால் அந்தப் பெட்டியை அன்றே அனுப்பியிருப்பேன். மூன்று நாள் கழித்துத் திறந்து பார்த்தோம், அவள் சொன்னதுதான் சரி. இப்போது தோப்புக்காரர்கள் ஷெட்டுக்குள் வந்ததும், "அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். முப்பது வருஷம் என் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கியவளை, நீயும் ஒரு துண்டு போட்டுப் பாரேன் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். "இப்பவாச்சும் கேட்டீங்களே" என்றாள்.

போன வாரம் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, ரத்தம் கொடுத்துவிட்டு வந்த மத்தியானம் ஒரு காரியம் செய்தேன். சோற்றை ஒரு கரண்டி குறைத்துக்கொண்டு, சின்ன செந்தூரம் ஒன்றில் பாதியைத் தட்டில் வைத்து உட்கார்ந்து சாப்பிட்டேன். மீதிப் பாதி உங்கம்மாவுக்கு. ஒளியாமல், நின்றுகொண்டு அவசரமாக விழுங்காமல், பழுத்ததா புளிப்பா என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லாமல். எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா! மாம்பழத்துக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு பழத்தை நிம்மதியாகச் சாப்பிட இத்தனை வயசாகியிருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இல்லை. கேட்டுக்கொள்வதாக வைத்துக்கொள். அங்கே போனால் தனியாகச் சமைப்பாய், குளிரில் வெளியே இறங்கச் சோம்பல் வரும், ஷிப்டு மாறினால் தூக்கமும் சாப்பாடும் தாறுமாறாகும். என் ரத்தம்தான் உனக்கும் ஓடுகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை செய்துகொள், அதற்கு முன்னால் நான்கு நாள் பத்தியம் மட்டும் இருக்காதே. பெரிதாக ஒன்றும் சபதம் எடுக்காதே, உன்னால் முடிகிற அளவில் பாதியோடு ஆரம்பி. தவறினால் எங்களிடம் சொல், திட்டமாட்டோம். நானும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை போனில் என் சர்க்கரையைப் பற்றிக் கேள், உண்மையைச் சொல்வேன். சந்தேகமாக இருந்தால் அம்மாவைக் கேள், அவளிடம் தட்டு இன்னும் இருக்கிறது.

இந்தத் தடவை சீட்டு எப்படி வருமோ என்று பயந்தேன்தான், ஆனால் ஏமாற்றவில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல், மாங்காய்ப் பருவத்தின் நட்டநடுவில் போய்க் கையை நீட்டினேன். இனி நீ என் காலுக்காக எங்கேயும் நிற்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே, இன்றே பதில் எழுது.

இப்போது அந்த மடித்த தாளைப் பிரி. நீ புண்ணை அளந்து குறித்த அதே தாள்தான். கடைசி வரியில் "மூடிவிட்டது. அப்பாவுக்கு மெத்தென்று செருப்பு வாங்க வேண்டும்" என்று எழுதி, மறுநாளே வாங்கியும் கொடுத்தாய். அதற்குக் கீழே இன்று நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

"ஆறு புள்ளி எட்டு. செருப்பு காலில் இருக்கிறது. போயிட்டு வா, கண்ணு."

அப்பா